பைக்குக்கு ஒரு ஜிபிஎஸ் ஹோல்டர்

பைக்கில் ஜிபிஎஸ் பார்க்க வீட்டிலேயே ஹோல்டர் செய்வது பெரிய வித்தை இல்லீங்க. நிறைய பைக்கில் ஹேண்டில்பார் 22 மி.மீ. குழாய்தான். அதுக்கு ஒரு யூ கிளாம்ப், மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு, நாலு நட்டு போல்ட். போன் விழாம நின்னா வேலை முடிஞ்சதுன்னு நினைப்பாங்க. அங்கேதான் சிக்கலே!

நிமிஷத்துக்கு 4000 சுற்று ஓடுற ஒத்தை சிலிண்டர் எஞ்சின், ஹேண்டில்பாரை நொடிக்கு 66 தடவை உலுக்குது. ஹோல்டர் விறைப்பா இருந்தா அந்த அதிர்வு அப்படியே போனுக்குப் போகும். கை நடுங்கினாலும் படம் தெளிவா விழறதுக்காக, சில போன் கேமராவில் லென்ஸை நகர்த்துற நுணுக்கமான அமைப்பு இருக்கு. பைக் அதிர்வு தொடர்ந்து பட்டா அது கெட்டுப்போகலாம்னு 2021-ல் ஆப்பிளே எச்சரிச்சது. (ட்ரிப் போறதே போட்டோவுக்குத்தானே!)

அதனால தட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவுல கட்டாயம் ரப்பர் புஷ் வைங்க. கிளாம்ப் வழுக்காம இருக்க பழைய சைக்கிள் டியூப் துண்டு போதும். தட்டைத் தாங்குற கம்பி குட்டையா இருக்கட்டும், நீளம் கூடினா ஆட்டமும் கூடும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, டேங்கில் இடிக்குதான்னும் பார்த்துக்கோங்க.

இதைவிட நல்ல வழி, வீட்டில் சும்மா கிடக்கிற பழைய போனை மாட்டுறது. மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சா, சிம் இல்லாமலே ஜிபிஎஸ் வழி காட்டும்.