இரண்டு மில்லிமீட்டர் துளை

ஜான் கேரண்டுக்குப் பெரிய படிப்பு கிடையாது. 1888-ல் கனடாவின் கியூபெக் பகுதியில் பிறந்தவர். அம்மா இறந்த பிறகு குடும்பம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்கு வந்தது. சிறுவனாக இருந்தபோதே ஒரு ஜவுளி ஆலையில் தரை கூட்டும் வேலைக்குப் போனார். கூட்டிய நேரம் போக, இயந்திரங்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆனார்.

1919-ல் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்கச் சிப்பாயின் கையில் இருந்தது, ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி. விசையை அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா தானாகவே ஏற வேண்டும். அப்படியொரு துப்பாக்கியைச் செய்வதுதான் கேரண்டுக்குத் தரப்பட்ட வேலை.

அதற்கான சக்தி துப்பாக்கிக்குள்ளேயே இருக்கிறது. மருந்து வெடித்ததும் தோட்டாவின் பின்னால் கடும் அழுத்தத்தில் வாயு பாய்கிறது. அதில் கொஞ்சத்தைத் திருப்பி ஒரு பிஸ்டனைத் தள்ளவிட்டால், அது காலி உறையை வெளியே வீசி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். குக்கர் ஆவி வெயிட்டைத் தூக்குகிறதே, அதே மாதிரிதான்.

ஆனால் வாயுவை எங்கிருந்து எடுப்பது? குழலில் ஒரு துளை போட்டால் வேலை சுலபம். அன்றைய ராணுவ அதிகாரிகளுக்கோ நல்ல குழலில் துளை போட மனசில்லை. எனவே கேரண்ட் சுற்றுவழியில் போனார். குழலின் வாயில் தொப்பி மாதிரி ஒரு பாகத்தை மாட்டி, தோட்டா வெளியேறும் இடத்தில் வாயுவைப் பிடித்தார். 1936-ல் ராணுவம் அந்தத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. பெயர் எம்-1.

பதினேழு வருட உழைப்புக்கு வெற்றி. ஆனால், அந்தத் தொப்பியில் வினை இருந்தது. அது ஒரு ஸ்க்ரூவை நம்பி நின்றது. ஸ்க்ரூ தளர்ந்து தொப்பி கொஞ்சம் விலகினாலும், அதன் துளையும் குழலின் துளையும் நேர்க்கோட்டில் இருக்காது. வெளியே போகும் தோட்டா அதன்மேல் மோதிவிடும். கரி படிந்தால் சுத்தம் செய்வதும் பாடு. முனையில் மாட்டும் பயனெட் கத்தியும் உறுதியாக நிற்கவில்லை.

ஊரே பாராட்டி ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பிரித்துப் போட்டு மறுபடி செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? கேரண்ட் செய்தார். முதலில் எல்லோரும் தயங்கிய அந்தத் துளையையே போட்டார். குழலின் முனைக்குச் சற்று முன்னால், அடிப்பக்கத்தில், சுமார் 2 மில்லிமீட்டர். வாயு உருளை அந்தத் துளைக்குச் சரியாக நேரே உட்கார வேண்டுமே? அதற்குக் குழலின் வெளிப்புறத்தில் பற்கள் வெட்டினார். உருளையின் வளையம் அந்தப் பற்களில் கோத்துக்கொண்டு ஏறும். இடம் வலமாகத் திரும்ப வழியே இல்லை. முன்னால் ஒரு பூட்டு மறை, அதற்கும் ஒரு ஸ்க்ரூ. அவசரத்தில் மாட்டும் சிப்பாய்கூடக் கோணலாக மாட்ட முடியாது.

1939-ல் அனுமதி கிடைத்தது. 1940-ல் தொழிற்சாலை புதிய முறைக்கு மாறியது. அதற்குள் ஏறத்தாழ 50,000 பழைய துப்பாக்கிகள் வெளியே போயிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பிறகு திரும்ப வந்து புதிய முறைக்கு மாற்றப்பட்டன.

1941 டிசம்பரில் அமெரிக்கா போருக்குள் இறங்கியது. திருத்தத்துக்கும் போருக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவுதான். பிறகு, பசிபிக் தீவுகளின் மணலிலும் ஐரோப்பாவின் பனியிலும் சிப்பாய்கள் அந்தத் துப்பாக்கியை நம்பித்தான் நின்றார்கள். மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

இத்தனையிலும் கேரண்டுக்கு ராயல்டி என்று ஒரு டாலர்கூட வரவில்லை. உரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு லட்சம் டாலர் பரிசு தரச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. பதக்கங்கள் மட்டும் கிடைத்தன. 1953-ல் ஓய்வுபெறும் வரை அதே தொழிற்சாலையில், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1974-ல், அதே ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் காலமானார்.