அந்தக் கையை எங்கே விட்டீங்க, மாஸ்டர்?



கணக்கு வாத்தியாருக்கு ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த கதை உங்களுக்குத் தெரியும். 'ஜிம்ப்' என்ற இலவச மென்பொருளில் பழைய படங்களைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இன்று அதில் நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

1980-களில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், இப்போது திருப்பூரில் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் இரண்டு படங்களோடு வீட்டுக்கு வந்தான்.

"சார், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படமே இல்ல. ஒண்ணா சேர்த்துத் தர முடியுமா?"

அவர்கள் தாயகம் திரும்பிய குடும்பம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. இங்கே அவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது டேன்டீ கழகமானது. இவன் அப்பா கப்பல் ஏறும் முன்பே அங்கே இறந்துவிட்டார். அம்மா இரண்டு வயதுப் பிள்ளையோடு 1974-ல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து, பிறகு நம் மலைக்கு வந்து கொழுந்து பறித்து அவனை ஆளாக்கினார்.

முதல் படம் இலங்கையில் தேயிலை ஃபேக்டரி வாசலில் ஐந்து பேர் நிற்பது. நடுவில் அப்பா. இரண்டாவது, குன்னூர் ஸ்டுடியோவில் 1976-ல் எடுத்தது. அம்மா நாற்காலியில், மடியில் இவன்.

ஏற்கெனவே செல்போன் செயலி ஒன்றில் சேர்த்துப் பார்த்திருக்கிறான். முகம் பளபளவென்று வந்ததாம். அம்மா பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்று கேட்டாராம். அதன் பிறகுதான் என்னிடம் வந்தான்.

நான் செய்தது பழைய முறை. ஸ்டுடியோ படம் கீழே ஒரு லேயர், ஃபேக்டரி படம் மேலே ஒரு லேயர். மேல் லேயருக்கு ஒரு 'மாஸ்க்' போட வேண்டும். மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் தடவிய இடம் மறையும், வெள்ளை தடவிய இடம் தெரியும், சாம்பல் தடவினால் பாதி தெரியும். ரப்பரால் அழித்தால் அந்த இடம் போனது போனதுதான். மாஸ்க்கில் எதுவும் போவதில்லை. நம் ஊரில் மேகம் இறங்கினால் எதிர் மலை தெரியாது. அதற்காக மலை இல்லாமலா போய்விட்டது? அதே கணக்குதான்.

இந்த ஆசை இன்று வந்ததல்ல. இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் என்பவர் 1858-லேயே ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் பெண்ணும் குடும்பமுமாக ஒரே படம் ஆக்கினார்.

நான்கு இரவு உட்கார்ந்தேன். முடியோரத்துக்கு மென்மையான தூரிகை, சட்டைக் காலருக்குக் கூர்மையானது. ஒரு படத்தில் வெளிச்சம் இடமிருந்து, மற்றதில் வலமிருந்து. அப்பாவைத் திருப்பிப் போட்டால் சரியாகும். ஆனால் தலை வகிடு மாறும், சட்டைப் பாக்கெட் வலது பக்கம் போகும். வெளிச்சத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்றுதான் இடைஞ்சல். அப்பாவின் தோளில் பக்கத்திலிருந்தவரின் கை. அந்த ஆளைக் கறுப்பால் மறைத்தேன். தோளில் மிஞ்சிய விரல்களின் மேல், மறு தோளின் சட்டைத் துணியைப் படியெடுத்துத் தனி லேயராக மூடினேன். சுத்தமாக வந்துவிட்டது. எனக்கே பெருமை.

பிரிண்ட் போட்டு லைன் வீட்டுக்கு எடுத்துப் போனோம். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்தக் கைய எங்க விட்டீங்க, மாஸ்டர்?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவரே சொன்னார். அது பக்கத்து லயத்துக்காரர் கை. கணவர் இறந்தபோது எல்லாம் செய்தவர். அவருக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்துவிட்டது. கப்பல் வரைக்கும் இவர்கள் பெட்டியைத் தூக்கி வந்து, பிள்ளை கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"அந்தண்ணனையும் வைங்க மாஸ்டர்."

மகன் தயங்கினான். "நம்ம குடும்பப் படம்மா இது. சொந்தக்காரங்க யாருன்னு கேப்பாங்களே."

"கேட்டா நான் சொல்றேன்" என்றார்.

அன்று இரவு கோப்பைத் திறந்தேன். துணி லேயரை அணைத்தேன், விரல்கள் தெரிந்தன. வெள்ளைத் தூரிகையை எடுத்து மாஸ்க்கில் தடவத் தடவ, மணிக்கட்டு, முழங்கை, தோள், பிறகு சிரித்த முகம் வந்தது. ரப்பர் எடுத்து அழித்திருந்தால் நான்கு இரவு வேலையை முதலிலிருந்து செய்திருக்க வேண்டும்.

முப்பத்து நான்கு வருடம் வகுப்பெடுத்தவன் நான். யாரை வைப்பது, யாரை மறைப்பது என்று அந்த வீட்டாரைக் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன். மென்பொருளில் தவறில்லை.

இப்போது அந்தச் சுவரில் நான்கு பேர் இருக்கிறார்கள். பின்பக்கம் பென்சிலால், 'இரண்டு படங்களைச் சேர்த்தது' என்று எழுதியிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் பின்னாளில் ஏமாறக் கூடாது.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படங்கள் இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். சும்மா இருக்கிறேன், செய்து தருகிறேன். நீங்களே செய்வதானால் மூன்று விஷயம். அசல் கோப்பின் மேல் கை வைக்காதீர்கள். ஜே.பி.ஜி.யாக மட்டும் சேமித்தால் லேயர்கள் ஒட்டிவிடும், எக்ஸ்.சி.எஃப். கோப்பாகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன், படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி, ஒவ்வொருவரும் யார் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

குளிர் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கு வாத்தியார்