தும்பைக்கு உறவுமுறை

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வீடு திரும்புகையில், காரின் பின்னிருக்கையில் இருந்த என் மகள், "அப்பா, தும்பைப்பூ எப்படியிருக்கும்?" என்று கேட்டாள். இரு வேந்தரும் நேர்நின்று பொரும்போது தும்பை மலர் சூடுவர் என்று அன்றைய பாடத்தில் ஆசிரியை சொல்லியிருந்தாராம்.

"வெள்ளையாக இருக்கும்" என்றேன்.

"எவ்வளவு வெள்ளை?"

"தும்பைப்பூப் போன்ற வெள்ளை" என்று என்னையறியாமலே சொல்லிவிட்டு நாணினேன். யாழ்ப்பாணத்தில் மாரி மழைக்குப் பின் வேலியோரமெங்கும் முளைத்துக் கிடந்த செடி அது. பூவை மெல்லப் பிடுங்கி அடியிலுள்ள துளித் தேனை உறிஞ்சிக்கொண்டே பள்ளிக்கு நடந்தவர்கள் நாங்கள். ஆயினும், அதனைக் காணாத பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல எனக்கு மொழி வரவில்லை.

அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்த என் அம்மா, பேத்திக்காகத் தும்பை விதைகளை ஒரு சிறு சிமிழில் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் உண்மையைச் சொல்லிச் சிமிழைக் காட்டினோம். அதிகாரி பணிவாக அதனை வாங்கி அகற்றிவிட்டார். மகளின் கண்கள் கலங்கின. "ஒரு சிமிழ் விதைதானே தம்பி, அதிலை என்ன வந்துவிடப்போகுது?" என்றார் அம்மா.

அதற்கான விடை இந்நாட்டின் வடபகுதியிலேயே உண்டு. தும்பையின் குடும்பத்தைச் சேர்ந்த 'ஹிப்டிஸ்' என்னும் மணமுள்ள செடி, வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இன்று வட ஆட்சிப்புலத்திலும் குயின்ஸ்லாந்திலும் அது அடர்ந்த களையாகப் பரவிக் கிடக்கிறது. கடுமையான வாடையால் ஆடுமாடுகள் அதை விரும்பித் தின்பதில்லை. அதன் முட்கள் பொருந்திய காய்கள் விலங்குகளின் உரோமத்திலும் மனிதரின் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்லும். தமிழ்நாட்டிலும் அது காடாக மண்டுகிறது. தும்பையும் தானே முளைத்துப் பெருகும் செடிதான். சட்டம் நம்மை வருத்தினாலும் அதன் காரணம் நியாயமானது என்று மகளுக்கும் அம்மாவுக்கும் எடுத்துரைத்தேன். இருவரும் முழுமனத்துடன் உடன்பட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

விதை இல்லையேல் உறவினரைக் கொண்டு அறிமுகம் செய்வோம் என்று எண்ணி, எங்கள் பின்வளவில் நின்ற புதினாவில் ஒரு கிளையை ஒடித்து மகளின் கையில் கொடுத்தேன். "தண்டை விரலிடையே உருட்டிப் பார்." அது உருளாமல் தடுக்கியது. "நான்கு மூலை இருக்கிறதே!" என்று வியந்தாள். தண்டு சதுரம். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமையும். ஓர் இணை கிழக்கு மேற்காக நின்றால், அடுத்த இணை வடக்குத் தெற்காக நிற்கும். தும்பைக்கும் துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் இந்த இலக்கணம் பொது. உலகெங்கும் ஏறத்தாழ 7,000 இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் இது.

பின்னர் தாளில் தும்பைப் பூவை வரைந்து காட்டினேன். தண்டைச் சுற்றிப் பந்துபோல் பூங்கொத்து. ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு உதடுகள். மேலுதடு சிறியது, வெண்பஞ்சு போன்ற மயிர் போர்த்துக் குடைபோல் கவிந்திருக்கும். கீழுதடு பெரியது, மூன்றாகப் பிரிந்து பரந்திருக்கும். தேன் தேடிவரும் தேனீக்குக் கீழுதடே திண்ணை. குடையின் கீழ் மறைந்துள்ள நான்கு கேசரங்கள் விருந்தாளியின் மேல் மகரந்தத்தைப் பூசி அனுப்பும். பூ உதிர்ந்தபின் நான்கு சிறு கொட்டைகள் எஞ்சும்.

மார்கழியில் மூவரும் டண்டினோங் மலைக்குச் சென்றோம். ஓடைக்கரையில் ஒரு பெரும் புதர் வெண்மலர் சொரிந்து நின்றது. விக்டோரிய நத்தார்ப் புதர் என்று இங்குள்ளோர் அழைக்கும் 'புறொஸ்தந்தெரா' அது. அவுஸ்திரேலியாவில் மட்டுமே இயற்கையாக வளரும் பேரினத்தைச் சேர்ந்தது. மகள் அருகே ஓடிப் பார்த்தாள். "இலை எதிரெதிரே! பூவுக்கு உதடு இருக்கிறது!" என்று கூவினாள். அம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். "இது எங்கடை துளசிக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டார். மைத்துனி முறையா, ஒன்றுவிட்ட தங்கை முறையா என்று பாட்டியும் பேத்தியும் வீடு வரும்வரை வாதித்தார்கள்.

தும்பைக்கும் இக்கண்டத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1801ஆம் ஆண்டின் இறுதியில் மத்தியூ பிளின்டர்சின் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் இங்கு வந்தவர் றொபேட் பிறவுண் என்னும் தாவரவியலாளர். மறு ஆண்டு சிட்னித் துறைமுகத்தை அடைந்து, 1805 வரை இந்நாட்டுச் செடிகளைத் திரட்டினார். இக்கண்டத்தின் தாவரங்கள் பற்றி அவர் 1810இல் வெளியிட்ட நூலிலேயே தும்பையின் பேரினமாகிய 'லூக்காஸ்' முறைப்படி வகுக்கப்பட்டது. அதன் உறவுச் செடிகள் வட அவுஸ்திரேலியாவிலும் இயற்கையாக உள்ளன. லூக்காஸ் என்னும் பெயர் வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. வெண்மைக்குத் தும்பையை உவமை காட்டுபவர்கள் நாம்; அவர்களோ வெண்மையையே அதற்குப் பெயராக்கினார்கள்.

99 மலர்களை அடுக்கிக் கூறும் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தும்பையும் துழாயும் அடுத்தடுத்து நிற்கின்றன. துழாய் என்பது துளசியே. இதனைச் சொன்னதும், "அவருக்கும் உறவுமுறை தெரிந்திருக்குமோ?" என்றாள் மகள். கபிலர் என்ன எண்ணினார் என்று நான் எப்படிச் சொல்வேன்? சிரித்து மழுப்பினேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாடநூலில் வரும் பூவொன்றை நீங்கள் கண்டதில்லையெனில் வருந்த வேண்டாம். அதன் உறவினர் உங்கள் வீட்டுத் தோட்டத்திலோ அருகிலுள்ள பூங்காவிலோ நிற்கக்கூடும், தேடிப் பாருங்கள். பெற்றோரே! பிள்ளை கேட்கும்போது, என்னைப் போல் சொல்லுக்குச் சொல்லையே விடையாக்கிவிடாதீர்கள். ஒரு கிளையை ஒடித்துக் கையில் கொடுங்கள்.

என் மகள் இன்னும் தும்பையைக் கண்டதில்லை. அடுத்த மாரியில் ஊருக்குப் போகிறோம். "நீங்கள் காட்டவேண்டாம் அப்பா, நானே கண்டுபிடிக்கிறேன்" என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.