அச்சு ஒன்று, மாவு வேறு

டீக்கடையில் ஒருவர் போன்பேயில் பத்து ரூபாய் அனுப்புகிறார். கடைக்காரர் ஒட்டி வைத்திருப்பதோ பேடிஎம் அட்டை. இருவருக்கும் வங்கியும் வேறு வேறு. ஆனாலும் காசு போய்ச் சேருகிறது. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 2016-க்கு முன்னால் ஒரு வாலெட்டில் போட்ட பணம் இன்னொரு வாலெட்டுக்குப் போகாது.

அந்த வருஷம் ஏப்ரலில் வந்த யூபிஐ செய்தது இவ்வளவுதான்: ஆப்பையும் வங்கியையும் தனித்தனியாகப் பிரித்து, நடுவில் எல்லோருக்கும் பொதுவான விதிகளை வைத்தது. மென்பொருள்காரர்கள் இந்த மாதிரி விடைகளை 'பேட்டர்ன்' என்பார்கள். அடிக்கடி வரும் ஒரு பிரச்சினைக்கு, திரும்பத் திரும்பப் பயன்படும் ஓர் அச்சு. சொல்லை அவர்கள் கடன் வாங்கியது கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக்கலைஞரிடம். அவரும் கூட்டாளிகளும் 1977-ல் வெளியிட்ட புத்தகத்தில் வீடு, தெரு, ஊர் கட்ட 253 பேட்டர்ன்கள் இருக்கின்றன.

(காமர்ஸ் மாணவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஓடிவிடாதீர்கள், கணக்குப் பார்க்கும் இடம் இனிமேல்தான்.)

யூபிஐ ஜெயித்ததும் அதே மாதிரி அச்சில் வேறு மாவைப் பிழியும் ஆசை வந்தது. பெக்ன் என்ற பொது நெறிமுறை உருவானது. அதை வைத்து பெங்களூரில் 2022-ல் வந்த 'நம்ம யாத்ரி' ஆட்டோ ஆப்பில் சவாரிக்குக் கமிஷன் கிடையாது, பணம் நேராக ஓட்டுநர் கைக்குப் போகிறது. இறங்கியதும் கதை முடிந்தது. அச்சு கச்சிதம்!

அதே பெக்னை வைத்துத்தான் ஓஎன்டிசி. 2021 டிசம்பரில் தொடங்கிய நிறுவனம். வாங்குகிறவர் ஓர் ஆப்பில், விற்கிறவர் இன்னொன்றில். காகிதத்தில் யூபிஐ மாதிரியேதான். ஆனால் நூறு ரூபாய்க்குக் கலர் கிடையாது, சைஸ் கிடையாது. புடவை அப்படியா? படத்தில் மாம்பழ மஞ்சள், பெட்டியைப் பிரித்தால் எலுமிச்சை மஞ்சள். வாங்கிய ஆப் ஒருவருடையது, விற்ற ஆப் வேறொருவருடையது, கொண்டுவந்த கூரியர் மூன்றாமவர். யார் சட்டையைப் பிடிப்பது? அமேசானில் வாங்கினால் சண்டை போட ஒரே விலாசம் போதும். இங்கே மூன்று. புகாருக்கு விதிமுறை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் விதிமுறையா வந்து புடவையைத் திருப்பி எடுத்துப் போகும்?

அந்தத் திரும்பும் கூரியர் கூலியை யார் தலையில் எழுதுவது என்பதுதான் கணக்கு. சின்னக் கடைக்காரர் தலையில் விழுந்தால், கமிஷனில் அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே ஒரு மஞ்சள் புடவையில் போய்விடும்.