அடுப்படிக்கு மார்க் போட்ட டீச்சர்

எங்கள் டீச்சர் போய்விட்டார். வயது எண்பத்தாறு. பேராவூரணிப் பக்கம் ‘மனையியல் டீச்சர்’ என்று கேட்டால் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் உடனே அடையாளம் சொல்வார்கள். பெயர் போட வேண்டாம் என்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டதால் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

மனையியல் என்றதும் தோழர்கள் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பெண்ணை அடுப்படியிலேயே கட்டிப்போடுகிற படிப்பு என்பது பழைய விமர்சனம். அதில் நியாயமும் உண்டு. பூ வேலைப்பாடு, மேசை அலங்காரம், விருந்தாளியை உபசரிக்கும் முறை என்று அந்தப் பாடத்தில் பாதி வசதியான வீட்டுக்காரர்களுக்கானது. ஆனால் அதே பாடத்தை ஒரு காலனிப் பெண் நடத்தினால் என்ன ஆகும்? நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

கல்லணைக் கால்வாய் 1934-இல் திறக்கப்பட்டது. அதன் கடைமடை எங்கள் ஊர். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில், எல்லாம் கடைசியாக வந்து சேரும் தெரு எங்களுடையது. டீச்சரின் அப்பா பண்ணையாள். அரசு விடுதியில் தங்கி, உதவித்தொகையில் படித்து, கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரிக்குப் போனார். அந்தக் கல்லூரி 1957-இல் தொடங்கியது. டீச்சர் தொடக்க கால மாணவிகளில் ஒருவர்.

அந்தக் கல்லூரியை வளர்த்தெடுத்தவர் ராஜம்மாள் தேவதாஸ். 1919-இல் செங்கத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர், 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2002-இல் காலமானார். ஏழைக் குழந்தையின் தட்டில் என்ன இருக்கிறது என்பதை ஆராய்ச்சிப் பொருளாக்கிய தலைமுறை அது. டீச்சர் அவரை ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்வார்.

ஊர் திரும்பி வேலையில் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். 1970-களின் தொடக்கம் என்று டீச்சர் சொல்வார். சமையல் செய்முறை வகுப்பில் ஆறு ஆறு பேராகப் பிரித்தார். பதிவேட்டு வரிசைப்படிதான் பிரிப்பது, தெருவாரியாக அல்ல. சமைத்ததை எல்லோரும் ருசி பார்த்துக் குறை நிறை எழுத வேண்டும். ருசி பார்க்காதவருக்கு மார்க் கிடையாது. டீச்சர் செய்து காட்டும் பண்டத்துக்கும் அதே விதி.

மூன்றாவது வாரம் பெற்றோர் சிலர் வந்துவிட்டார்கள். “தையலை மட்டும் நடத்துங்களேன், எதுக்கு வம்பு” என்று மேலிடத்தில் சொன்னார்கள். டீச்சர் அந்த வருஷம் முழுக்கத் தையல்தான் நடத்தினார். அடுத்த வருஷம் ஜூனில் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார், அதே விதியோடு. இந்த முறை பரீட்சை மார்க் போய்விடும் என்று பெற்றோர் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு வருஷத் தையலை இன்றைய நம் தோழர்கள் சமரசம் என்பார்கள். இருக்கட்டும். வேலை போயிருந்தால் அடுத்த ஜூனில் அந்த அடுப்பை யார் பற்றவைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

நான் அவரிடம் பள்ளியில் படிக்கவில்லை. 1996-இல் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுத்தார். அதில் உட்கார்ந்தவள் நான். ஒருநாள் ‘நேற்று வீட்டில் சாப்பிட்டது’ என்று எழுதச் சொன்னார். பாதிப் பிள்ளைகள் சாம்பார் என்று எழுதினார்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டில் நேற்று சாம்பார் கொதித்தது என்று டீச்சருக்குத் தெரியாதா? ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு அட்டவணைப் புத்தகத்தை எடுத்துவந்தார். நூறு கிராம் பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து 120 மில்லிகிராம். கேழ்வரகில் 344. நண்டில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. நத்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, மாட்டிறைச்சியும் இருக்கிறது. “சர்க்கார் புத்தகத்துலயே போட்டிருக்கான். நீங்க எதுக்குப் புள்ள ஒளிக்கிறீங்க?” என்றார்.

வயலில் நண்டு பிடித்து வந்த அம்மாவைப் பற்றி வெட்கப்படாமல் பேச எனக்குக் கிடைத்த முதல் ஆதாரம் அந்த எண்தான். அம்பேத்கரை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

படித்துவிட்டு வந்து டீச்சரிடம் வாதமும் செய்தேன். ‘சாதி ஒழிப்பு’ 1936-இலேயே சொல்லிவிட்டதே, சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி சாகாது, கலப்பு மணம்தான் மருந்து என்று. உங்கள் ருசி பார்க்கும் விதி எதை மாற்றியது என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்: “சரிதான் புள்ள. கல்யாணம் பண்ணிக்கட்டும். மறுநாள் காலையில அந்தப் பொண்ணு எந்த அடுப்புல ஒலை வைப்பா?” காதல் திருமணம் செய்துகொண்டு வந்த பெண்களின் வழக்குகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். புகுந்த வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை, சமையலறைக்குள் விடவில்லை என்று வருகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

பள்ளிக்கூட அடுப்பும் அப்படித்தான். காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவை, எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். பிள்ளைகள் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்தார்கள், நல்லது. சமைப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரே எதிர்த்து நின்றது. 2023-இல் காலை உணவுத் திட்டம் வந்த சூட்டோடு கரூர் வேலன்செட்டியூரில் அதே பிரச்சினை. கலெக்டரே போய்ச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது டீச்சர் கேட்டது ஒன்றுதான்: “கலெக்டர் நாளைக்கும் வருவாரா?”

கஜா புயலையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை அது போனபோது பேராவூரணியில் தென்னை பெரும்பகுதி படுத்துவிட்டது. நிவாரண வண்டிகள் மெயின்ரோட்டோடு திரும்பிக்கொண்டிருந்தன. எண்பது வயது டீச்சர் தெரு முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தலைக்கு எவ்வளவு அரிசி, கைக்குழந்தை எத்தனை, பிள்ளை பெற்றவள் எத்தனை என்று நோட்டில் எழுதினார். வீட்டுக்கு வீடு ரேஷன் அரிசியைத் திரட்டி, விழுந்த மட்டையை எரித்து, ஒடிந்து கிடந்த முருங்கையின் கீரையைப் போட்டுக் கஞ்சி. நாலு நாள் ஒரே அடுப்பு. அதிகாரிகள் வந்தபோது கணக்கெடுப்பு தயாராக இருந்தது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். குடும்ப வரவு செலவு என்று மனையியலில் ஒரு பாடம் உண்டு, அதுதான் இது.

பிடிக்காத விஷயமும் இருந்தது. பையன்களை அவர் சாயங்கால அடுப்புப் பக்கம் அண்ட விடவில்லை. எத்தனை முறை சண்டை போட்டும் மாறவில்லை.

துக்கத்துக்கு ஊர்த் தெருவிலிருந்து அவருடைய பழைய மாணவிகள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். பக்கத்து வீட்டில் காபி போட்டு எடுத்துவந்தோம். ஒன்பது பேர் குடித்தார்கள். இரண்டு பேர் சர்க்கரை வியாதி என்று சொல்லி வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவருக்கு நிஜமாகவே சர்க்கரை இருக்கிறது.