தண்ணீரில் பிரேக் கிடையாது

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியை எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னவன் நான். சொன்ன நானே அதை மறந்து நின்ற நாள் ஒன்று உண்டு. அதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்துக் குடும்பங்கள் வேன் பிடித்துக் கடற்கரைக்குப் புறப்படுகின்றன. அங்கே இளவட்டங்களின் கண் முதலில் போய் நிற்பது நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் ஜெட் ஸ்கியின் மேல்தான். ஆகவே என் கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நான் நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர். எங்களுக்குக் கடல் என்றால் அது போர்ட்டிக்சன்தான். 1970களில் வருடத்திற்கு ஒரு முறை தோட்டத்து லோரியில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போவோம். தூக்குச் சட்டியில் புளிச்சோறு, அவித்த முட்டை. கடலில் இறங்கியதும் அப்பா எங்களுக்கு ஒரு கோடு போட்டுவிடுவார். "இடுப்புக்கு மேல தண்ணி வந்தா அது நம்ம எடமில்ல" என்பார். பால்மரம் ஏறத் தெரிந்த எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

2023 டிசம்பர் விடுமுறையில் அதே போர்ட்டிக்சனுக்கு, தெலுக் கெமாங் கடற்கரைக்கு, மூன்று குடும்பங்களாகப் போயிருந்தோம். என் தங்கை, அவள் மகன், என் மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி எல்லாரும் வந்திருந்தார்கள். தங்கை மகனுக்கு இருபத்தொரு வயது. சிரம்பானில் தொழிற்சாலை வேலை. மழையானாலும் வெயிலானாலும் மோட்டார் சைக்கிளில்தான் போய் வருவான். வண்டி ஓட்டுவது அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"மாமா, ஒரு ரவுண்டு போயிட்டு வரவா?" என்று கேட்டான். தங்கை வேண்டாம் என்றாள். நான்தான், "சின்னப் பையன், ஆசைப்படறான், விடும்மா" என்று சொல்லி, பணத்தையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஜெட் ஸ்கியை வாடகைக்கு விட்டவன் ஒரு மலாய்க்காரப் பையன். பொறுப்பானவன். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தான். சுருள் கயிறு ஒன்றை எடுத்து என் மருமகனின் மணிக்கட்டில் பூட்டினான். பிறகு கைப்பிடியைக் காட்டி ஏதோ விளக்க ஆரம்பித்தான். எனக்கோ நான்கு மணிக்கு வேன் புறப்பட வேண்டுமே என்ற அவசரம். "இவன் மோட்டார் சைக்கிள் நல்லா ஓட்டுவான், விடு தம்பி" என்று மலாயில் சொன்னேன். "நந்தி டூலு, அங்கிள்" என்றான் அவன். நான் பொறுக்கவில்லை. "பதினைந்து நிமிடத்தில் பாதி நீ பேசியே போய்விடும் போலிருக்கிறதே" என்று சிரித்தேன். பெரியவர் பேச்சை மீற முடியாமல் அவன் வண்டியைத் தள்ளிவிட்டான்.

என் சிரிப்பு என்னவெல்லாம் செய்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

பத்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தூரத்தில் வட்டமடித்தான், கை அசைத்தான். பிறகு கரைக்குத் திரும்பினான். எங்கள் முன்னால் வந்து அழகாக வளைத்து நிறுத்திக் காட்ட ஆசை போலிருக்கிறது, வேகத்தைக் குறைக்கவில்லை. அலையில் சற்று ஒதுங்கி வந்தவன், பிள்ளைகள் குளிக்கும் பக்கமாக வந்துவிட்டான். அதை அவன் கண்டபோது முப்பது கெஜம்கூட இருந்திருக்காது. அங்கே முழங்கால் தண்ணீரில் என் பேத்தி நின்றுகொண்டிருந்தாள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் எவரும் செய்வதையே அவனும் செய்தான். விசையை விட்டான். கைப்பிடியை ஒடித்துத் திருப்பினான். வண்டி திரும்பவில்லை. இரயில் தண்டவாளத்தில் வருவதுபோல் நேராகவே வந்தது. என் மருமகள் எப்படிப் பாய்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு அப்படியே தண்ணீரில் விழுந்தாள். ஒரு முழ தூரத்தில் வண்டி கடந்துபோய் மணலில் ஏறி முட்டி நின்றது. தங்கை மகன் தலைகுப்புற விழுந்தான். உதடு கிழிந்து இரத்தம். கையில் பூட்டியிருந்த கயிறு பிடுங்கிக்கொண்டதால் இயந்திரம் உடனே அணைந்துவிட்டது.

பேத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அழக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "தாத்தா, மாமா ஏன் திருப்பல?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் அங்கே படகுகளைப் பராமரிக்கும் ஒரு வயதான பாக்சிக். உப்புத் தண்ணீரைக் கழுவ வைத்திருந்த ரப்பர்க் குழாயை என் மருமகன் கையில் கொடுத்தார். பைப்பைத் திறந்துவிட்டு, "திருப்பு" என்றார். நீர் திரும்பிய பக்கம் பாய்ந்தது. குழாய் கையைப் பின்னால் தள்ளியது. பைப்பை மூடினார். "இப்போது திருப்பு" என்றார். எப்படித் திருப்பினாலும் வெறும் குழாய்தான். "இந்த வண்டியும் இவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஜெட் ஸ்கிக்கு வெளியே சுற்றும் விசிறி இல்லை. படகுக்கு இருக்கும் சுக்கானும் இல்லை. வயிற்றுக்கு அடியில் ஒரு வாய் இருக்கிறது. இயந்திரம் அதன் வழியாக நீரை உறிஞ்சி, பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. அந்தத் தள்ளுதலில்தான் வண்டி முன்னே ஓடுகிறது. நாம் கைப்பிடியைத் திருப்பினால் முன்னால் எதுவும் திரும்புவதில்லை, பின்னால் நீர் பீறிடும் முனைதான் திரும்புகிறது. விசையை விட்டால் நீர் பாய்வது நின்றுவிடும். நீர் நின்றால் திரும்பும் சக்தியும் போய்விடும். ஆனால் வந்த வேகம் மட்டும் போகாது. ஆட்களோடு சேர்த்து 300 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டி, போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர். முப்பது கெஜத்தைக் கடக்க இரண்டு வினாடி போதும்.

சாலையில் நம் உயிரைக் காக்கும் பழக்கம், தண்ணீரில் அடுத்தவர் உயிரை எடுக்கும் பழக்கமாகிவிடுகிறது. அன்று நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். இந்த வண்டியை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கரே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பழகியவர்தான். ஜெட் ஸ்கி என்பது கவாசாகி நிறுவனம் 1970களில் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியின் பெயர். பிறகு அதுவே பொதுப் பெயராகிவிட்டது. தோற்றத்தில் மோட்டார் சைக்கிளின் தம்பி போல் இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. வேகத்தைத் தணிக்கும் வசதியும், விசையை விட்டாலும் ஓரளவு திரும்பும் வசதியும் புதிய வகைகள் சிலவற்றில் உண்டு. வாடகைக்கு வருவது எந்த வகையோ? எதுவும் இல்லை என்று எண்ணி ஓட்டுவதே புத்தி.

அப்படியானால் என்ன செய்வது? கரையும் ஆட்களும் தொலைவில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிள்ளைகள் குளிக்கும் பக்கம் தலைவைக்கவே கூடாது. எதிரே ஏதேனும் வந்துவிட்டால் விசையை முழுவதும் விட்டுவிடாமல், கொஞ்சம் கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். இதை மனம் அறிந்தால் மட்டும் போதாது, கை அறிய வேண்டும். ஆள் இல்லாத நீரில் மெதுவாக ஓட்டி, விசையை விட்டும் கொடுத்தும் திருப்பிப் பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் கைக்குப் புரிந்துவிடும்.

சாலைப் பழக்கம் காலை வாரும் இடம் இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் சாலையில் இடப்பக்கம் போகிறோம். கடலிலோ இரண்டு படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வரும் படகு உங்கள் வலப்பக்கம் இருந்தால் வழி விட வேண்டியவர் நீங்கள். கோடு போட்ட பாதை கடலில் இல்லை. எட்டுத் திசையிலிருந்தும் ஆள் வரலாம். திரும்புமுன் பின்னால் ஒரு பார்வை பார்ப்பது கட்டாயம்.

அந்தச் சுருள் கயிற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். விழுந்தவரை விட்டுவிட்டு வண்டி தனியே ஓடாது. "தொந்தரவாக இருக்கிறது" என்று அதைக் கைப்பிடியில் சுற்றிவைக்கும் வீரர்கள் சிலர் இருக்கிறார்கள். அது வீரமல்ல. மிதவைச் சட்டையும் அப்படியே. கொக்கி போடாமல் தோளில் தொங்கவிட்டால், விழுந்ததும் சட்டை மேலே போகும், ஆள் கீழே போவார். நீச்சல் தெரியாத நம்மவர்களுக்கு அதுதான் உயிர்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியின் அடியில் நீரை உறிஞ்சும் வாய், நீளக் கூந்தலையும் துப்பட்டாவையும் கயிற்றையும் சேர்த்து உறிஞ்சும். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். தொங்கும் துணி வேண்டாம். பின்னால் உட்காருகிறவர் ஓட்டுகிறவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்பக்கமாக விழுந்தால் பீறிடும் நீரின் வேகமே உடலுக்குள் புகுந்து கடுமையான காயம் உண்டாக்கும். மெல்லிய நீச்சல் உடை இதற்குப் போதாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். சிறு பிள்ளையை ஓட்டுகிறவருக்கு முன்னால் உட்கார வைப்பதும், இருவர் வண்டியில் மூவர் ஏறுவதும் கூடாது.

விழுந்துவிட்டால் பதற வேண்டாம். இயந்திரம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பின்பக்கமாக ஏற வேண்டும். வண்டி கவிழ்ந்திருந்தால் எந்தப் பக்கம் புரட்டுவது என்று பின்பகுதியில் அம்புக்குறி போட்டிருக்கும். அந்தப் பக்கம்தான் புரட்ட வேண்டும். மாறிப் புரட்டினால் இயந்திரத்துக்குள் நீர் புகுந்து கெடும். குடித்துவிட்டு ஏறுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இருட்டிய பிறகும் ஓட்டக்கூடாது. சிங்கப்பூரில் இத்தகைய விசைக்கலங்களை ஓட்ட உரிமமே எடுத்திருக்க வேண்டும். அங்குள்ள வாசகர்கள் இதை நினைவில் கொள்க.

அன்று வேன் நான்கு மணிக்குப் புறப்படவில்லை. மருமகனின் உதட்டுக்குத் தையல் போட்டுத் திரும்ப இருட்டிவிட்டது. தங்கை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புறப்படுமுன் அந்த மலாய்க்காரப் பையனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ பேசியதை நான்தான் கெடுத்தேன்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "விசையை விட்டால் திரும்பாது என்று சொல்லத்தான் வந்தேன், அங்கிள்" என்றான். அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய வார்த்தை அது. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் சிரித்தேன்.

வீடு திரும்பும்போது அப்பாவின் நினைவு வந்தது. எனக்குப் பால்மரம் வெட்டக் கற்றுக்கொடுத்தபோது அவர் நல்ல மரத்தில் உளி வைக்கவே விடவில்லை. சாய்க்கப்போகும் கிழட்டு மரத்தில் வாரக்கணக்கில் பழகவிட்டார். "மரத்துல காயம் பட்டா ஆற வருசமாகும். மொதல்ல கை பழகட்டும்" என்பார். மரத்துக்கே அவ்வளவு பார்த்தவர் அவர். நான் பேரப்பிள்ளை குளிக்கும் கடலில் பழகாத கையை அவிழ்த்துவிட்டேன்.

போன வருட விடுமுறையில் தங்கை மகன் மறுபடியும் கடலுக்குப் போனான். இந்த முறை அந்தப் பையன் பேசி முடிக்கும்வரை கைகட்டி நின்றான். பிறகு, "இன்னொரு தரம் சொல்லு" என்று அவனே கேட்டான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கடிகாரம் கட்டியிருந்தேன், ஆனால் பார்க்கவில்லை.

வாசகர்களே, உங்கள் பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். சொல்லிக் கொடுப்பவன் வயதில் சின்னவனாக இருந்தாலும் அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். நான் சிரித்ததுபோல் நீங்கள் சிரித்துவிடாதீர்கள்.