நழுவும் கியர்

எங்கள் பக்கத்தில் ஓட்டோ கியர் வாகனத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஓடும் மட்டும் சுகம், பழுதானால் தலைமுழுக வேண்டியதுதான் என்பார்கள். கையால் கியர் மாற்றும் வாகனமென்றால் எந்த மரநிழலிலும் கிளட்ச் தட்டை மாற்றிக்கொடுக்க ஒரு பாஸ் இருப்பார். ஓட்டோ கியர் என்றதும் அவரும் கையைத் துடைத்துக்கொண்டு, "டவுனுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிடுவார்.

என் மச்சானிடம் இருப்பது அப்படியொரு டீசல் ஹைலக்ஸ் டபுள் கெப். 1990களில் செய்தது. மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் வழியாகச் சம்பூருக்கு வந்து மீனும் தயிரும் ஏற்றிப் போவது அதன் தொழில். சம்பூரில் படிப்பிக்கும் நானும் பல நாட்கள் அதிலேதான் வருகிறேன். 2006இல் ஊரோடு இடம்பெயர்ந்து, முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, பெரும்பாலானோர் 2015க்குப் பிறகே காணி மீட்டுத் திரும்பிய இடம் இது. திரும்பியவர்களிடம் வாகனம் என்று சொல்ல அதிகம் இருக்கவில்லை. இரவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் மச்சானுக்குத்தான் கோல் வரும். அவரும் மறுக்கமாட்டார். எனவே அந்த டபுள் கெப் படுத்தால் நட்டம் ஒரு வீட்டோடு நிற்காது.

அது படுத்தது. பாரம் ஏற்றிச் சற்றுத் தூரம் ஓடிச் சூடானதும் எஞ்சின் இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது. ஒரு கராஜில் காட்டியபோது, ஒயிலைக்கூடப் பார்க்காமல், "கியர்பொக்ஸ் முடிஞ்சுது. வேற பொக்ஸ் போடணும், இல்லாட்டிப் பாட்ஸுக்கு வித்திடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார்கள். கேட்ட தொகை மச்சானின் சேமிப்பையும் அவர் மனைவியின் வளையல்களையும் சேர்த்து விழுங்கக்கூடியது. இன்னொன்று வாங்கலாம் என்றால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பின்னும் வரியின் பாரத்தால் அது நம் போன்றோருக்கு எட்டாத கனி.

ஓட்டோ கியர் ஒன்றும் மாயமல்ல. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், மற்றதும் அதன் காற்றில் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் ஒயில். அதுதான் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே இருக்கும் டோர்க் கன்வேர்ட்டர். அதை முதலில் எண்ணியவர் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபொட்டிங்கர். 1905இல் அவர் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. காருக்கு முழு ஓட்டோ கியர் வந்தது பிறகு. ஜெனரல் மோட்டர்ஸ் 1939இல் வெளியிட்ட ஹைட்ராமெட்டிக், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தாங்கிகளிலும் ஏறியது.

அந்த ஒயிலுக்கும் எங்கள் கடலுக்கும்கூட ஒரு தூரத்து உறவு உண்டு. அக்காலத்து ஓட்டோ கியர் ஒயிலில் அம்பர் தரும் திமிங்கிலத்தின் எண்ணெய் கலக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த பின்னர்தான் வேறு சேர்மானம் தேடினார்கள். திருகோணமலைக் கடலில் இன்றும் அந்த இனம் வந்து போகிறது.

இந்தப் பொக்ஸில் ஒயில்தான் இரத்தம். சக்தியைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைச் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோவதும் அதுவே. ஒயில் பம்ப் சுழல எஞ்சின் ஓடவேண்டும். அதனால்தான் ஓட்டோ கியர் வாகனத்தைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. பின்சக்கரம் நிலத்தில் உருளக் கட்டி இழுத்துத் தூரம் போவதும் கூடாது.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொன்ன பாடம் ஒன்று உண்டு: பிள்ளை கணக்குப் பிழைவிட்டால், பிழையான விடையைப் பார்க்காதே, எந்தப் படியில் பிழைத்தான் என்று பார். அதே வழியில் போனோம். துணைக்கு வந்தவர் சம்பூரில் லேண்ட் மாஸ்டரும் படகு மோட்டரும் திருத்தும் ஒரு பாஸ். "சேர், தெரியாத சாமான்தான். ஆனா அவிழ்க்காமப் பார்க்கிறதில என்ன நட்டம்?" என்றார்.

முதற்படி ஒயில். வாகனம் ஓடிச் சூடான பின், மட்டமான தரையில், எஞ்சினை ஓடவிட்டு, கியர்த் தடியை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ப் பார்க்கிங்கில் வைத்து அளவுக் கம்பியை இழுக்கவேண்டும். அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினாலும் நுரைத்துப் பழுதுதான். நல்ல ஒயில் சிவந்து தெளிந்திருக்கும். கறுத்துக் கருகல் மணம் அடித்தால் தட்டுகள் எரிந்துவிட்டன. பால் கலந்த இளஞ்சிவப்பென்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. எங்களுடையது சற்று மங்கியிருந்தது, கருகவில்லை. அளவு குறைவு. ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் இணைப்பில் ஈரம் கசிந்திருந்தது.

இரண்டாம் படி, எக்சிலேட்டரை மிதிக்கும் அளவைக் கியர்பொக்ஸுக்குச் சொல்லும் மெல்லிய கேபிள். மிதி கூடினால் ஒயில் அழுத்தமும் கூடவேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது இதுதான். கேபிள் தளர்ந்தால் பொக்ஸ், பாரம் இல்லை என்று நினைத்து அழுத்தத்தைக் குறைக்கிறது. தட்டுகள் வழுக்குகின்றன. சூட்டில் ஒயில் நீர்த்துவிட இன்னும் வழுக்குகின்றன. முழுதாக மிதித்திருக்கும்போது கேபிள் உறையின் நுனிக்கும் அதிலுள்ள சிறு குமிழுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. எங்கள் வாகனத்தில் ஒரு விரலே புகுந்தது. சில மாதங்களுக்கு முன் வேறெங்கோ டீசல் பம்ப் கழற்றிப் பூட்டியபோது, கேபிளை இழுத்து அளவு பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

இரண்டு நட்டைத் தளர்த்தி இறுக்கியதுதான் வேலை. பிறகு குழாயும் பில்டரும் ஒயிலும் மாற்றினோம். மறுநாள் ஐஸ் பெட்டிகளோடு டபுள் கெப் மூதூர் போய்ச் சேர்ந்தது. முழுச் சுகம் என்று சொல்லமாட்டேன். வழுக்கி ஓடிய நாட்களில் தட்டுகள் தேய்ந்திருக்கும். ஒருநாள் பொக்ஸைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாள் இன்றல்ல. வளையல்கள் கையில் இருக்கின்றன.

"முடிஞ்சுது" என்பது மிக இலகுவான சொல். அதைச் சொல்பவருக்கு எதையும் திறந்து பார்க்கும் வேலை இல்லை. முகாமில் பிறந்து, மூன்று பாடசாலை மாறி, ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையைப் பற்றியும் ஆசிரியர் அறைகளில் இந்தச் சொல் கேட்கிறது: "அவனுக்கு ஏறாது சேர்." எந்தப் படியில் தளர்ந்தது, யார் கழற்றிப் பூட்டாமல் விட்டது என்று பார்க்க அரைமணி போதும். மிதிக்கிற மிதி உள்ளே போய்ச் சேராமல் இரைகிற பிள்ளைகள் என் வகுப்பில் நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கு பேருக்கும் ஒயில் இன்னும் கருகவில்லை.